ஆனேக்கல் போகும் அண்டா

'டமார்' என்று ஒரு சத்தம். சுனிதாவின் கையிலிருந்த கரண்டி நழுவி ரசத்துக்குள் விழுந்தது.

சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கேன்டீன் வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டியைத் தரையில் இறக்கிவிட்டு, தூக்கி வந்த ஆட்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக் கதவு போட்ட ஃப்ரீசர். அதன் நெற்றியில் சிவப்பு எழுத்தில் 'ஏழுதட்டு டின்னர்' என்று பெரிதாக எழுதியிருந்தது. உள்ளே உறைய வைத்த சாப்பாட்டு அட்டைப் பெட்டிகள் அடுக்கடுக்காக இருந்தன.

"மெதுவாப்பா, டைல்ஸ் போயிடும்" என்றாள் வீணா. அந்த சாஃப்ட்வேர் ஆபீசில் கேன்டீன், கார், காபி மெஷின் எல்லாம் அவள் பொறுப்பு.

சுனிதா கரண்டியை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "என்ன மேடம் இது?"

"முதல்ல எல்லாரும் சாப்பிட்டு முடிக்கட்டும். அப்புறம் பேசலாம்."

அப்புறம் பேசலாம் என்று ஒருவர் சொன்னால் அந்தப் பேச்சு நல்ல பேச்சாக இருக்காது என்பது சுனிதாவுக்குத் தெரியும். தொம்மலூர் பழைய ஊருக்குள், கோவிலுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் அவள் வீடு. கணவன் போன பிறகு அந்த வீட்டு அடுப்புதான் அவளுக்குச் சோறு போட்டது. இரண்டு தெரு தள்ளி இருந்த இந்த ஆபீசுக்குத் தினமும் மத்தியானச் சாப்பாடு கொண்டுவருவாள். மற்ற வாடிக்கையெல்லாம் அங்கொன்றும் இங்கொன்றும்தான். இந்த ஆபீஸ் போனால் அடுப்பை அணைத்துவிட்டு யார் வீட்டிலாவது பாத்திரம் தேய்க்கப் போக வேண்டியதுதான்.

கூட்டம் கலைந்ததும் வீணா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"போன மாசம் இங்க ஹெல்த் கேம்ப் வெச்சோம்ல, பாதிப் பேருக்கு பிரஷர் இருக்கு சுனிதாம்மா. இன்னும் கல்யாணம் ஆகாத பசங்களுக்குக்கூட இருக்கு. 'கேன்டீன்ல என்னத்தைப் போடுறீங்க'ன்னு மேல இருந்து கேக்கிறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"வீட்டுச் சாப்பாடு போடுறோம்னு சொல்லுங்க மேடம்."

"அதுல உப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவுன்னு கேட்டா? இதோ, இந்தப் பெட்டியில எல்லாம் அச்சடிச்சிருக்கான். உங்க கேரியர்ல என்ன எழுதியிருக்கு?"

"பெயிண்ட்ல என் பேர் எழுதியிருக்கு."

வீணாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதனாலதான் உடனே நிறுத்தல. அடுத்த வெள்ளிக்கிழமை ரெண்டையும் பக்கத்துல வெச்சு எல்லாரும் சாப்பிட்டுப் பாக்கட்டும். எது வேணும்னு அவங்களே சொல்லட்டும். அவங்களும் சிக்கன் குழம்புதான் வெக்கிறாங்க, நீங்களும் அதையே செஞ்சு கொண்டுவாங்க."

சுனிதா கேரியர்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது விக்கி வந்தான். சாப்பாட்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்கும் பையன். கையில் ஒரு ஏழுதட்டு பெட்டி இருந்தது.

"ஆன்ட்டி, நேத்தே எங்களுக்கு சாம்பிள் குடுத்தாங்க. இதை நீங்களும் ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்களேன். அப்படியே உங்க கை மாதிரி இருக்கு."

"என் கை என்கிட்டதாம்பா இருக்கு."

"தெரியும் ஆன்ட்டி. அதான் எனக்கு சந்தேகமா இருக்கு."

வீட்டில் மைக்ரோவேவ் கிடையாது. அட்டையைப் பிரித்து, கல் மாதிரி உறைந்திருந்த குழம்பை ஒரு கிண்ணத்தில் போட்டு, இட்லிப் பானைக்குள் வைத்தாள். ஆவி வந்ததும் திறந்து, விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

இன்னொரு முறை தொட்டு வைத்தாள்.

கல்பாசி இருந்தது. அது எல்லோரும் போடுவது. மல்லியைக் கருக விடாமல், ஆனால் கருகும் அந்த நிமிஷம் வரை வறுத்திருந்தார்கள். அதுவும் போகட்டும். ஆனால் அடியில், நாக்கின் பின்பக்கத்தில், வறுத்த ராகியின் வாசனை வந்தது. குழம்பு கெட்டிப்பட ஒரு பிடி ராகியை வறுத்து மசாலாவோடு அரைப்பது அவள் அடுப்படியில் மட்டும் உள்ள பழக்கம். தேங்காய் குறைத்து, எண்ணெய் குறைத்து, அந்தக் கெட்டியை ராகியில் எடுப்பாள். ஊரில் வேறு யாரும் கோழிக் குழம்புக்கு ராகி போட்டு அவள் கேட்டதில்லை.

அவளுடைய குழம்பேதான். மேலாக யாரோ இன்னும் ஒரு பிடி உப்பைத் தூவி, ஜில்லென்று வைத்ததில் மணம் பாதி செத்துப்போயிருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பின்கட்டில் லட்சுமம்மா வாழை இலையை வட்டமாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். அடுத்த சந்தில் இருப்பவள். சுனிதா சமைக்க ஆரம்பித்த நாளிலிருந்து கூடவே வேலை செய்கிறாள். கன்னடக்காரி. சுனிதாவிடம் பேசிப் பேசித் தமிழ் வந்துவிட்டது. இன்று வியாழக்கிழமை, ஆனேக்கல் அண்டா போகும் நாள்.

செவ்வாயும் வியாழனும் ஒரு பெரிய அண்டா நிறையக் கோழிக் குழம்பு ஆனேக்கலுக்குப் போகும். ஓசூர் ரோட்டில் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்துக்கு. சுனிதாவின் தம்பி நாகேஷ்தான் அந்த ஆர்டரைப் பிடித்துக் கொடுத்தான், அவனுடைய கூட்ஸ் ஆட்டோவில்தான் அது போகும். அதில் சுனிதா லாபம் வைப்பதில்லை. சாமான் செலவுக்கு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டாள். பெரியவர்கள் சாப்பிடுவதென்று உப்பைக் குறைப்பாள், எலும்பெல்லாம் எடுத்துவிட்டு, பல் இல்லாதவர்கள் ஈறால் மென்றாலே இறங்கும்படி கறியைச் சின்னச் சின்னதாக நறுக்குவாள். ஒரு நாள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசை. 'வெளியாளுங்களை உள்ள விட மாட்டாங்கக்கா, பெரியவங்களுக்கு ஏதாவது தொத்திக்கும்னு பயம்' என்று நாகேஷ் சொல்லிவிட்டான்.

வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. நாகேஷ் உள்ளே வந்தான்.

"அக்கா, ரெடியா?"

"லட்சுமம்மா மூடிட்டு இருக்கா."

லட்சுமம்மா குழம்பின் மேல் வாழை இலையைப் பரப்பி, அதன் நடுவில் கொட்டாங்குச்சிக் கரித்துண்டு ஒன்றை வைத்தாள். கறிக் குழம்பு ஊர் எல்லை தாண்டிப் போகும்போது கரி இல்லாமல் அனுப்ப சுனிதா சம்மதிக்க மாட்டாள். வழியில் காத்து கருப்பு எதுவும் அண்டக் கூடாது, யார் கண்ணும் படக் கூடாது. ஆபீஸ் சாப்பாட்டுக்கு அது தேவையில்லை. இரண்டு தெருதானே.

"எலக்ட்ரானிக் சிட்டி ஃப்ளைஓவர்ல எந்தப் பேய்க்கா உக்காந்திருக்கு?" என்றான் நாகேஷ். "டோல் கட்டணும்னு அதுவே ஓடிப்போயிருக்கும்."

"வாயை மூடிட்டு எடுத்துட்டுப் போ. பத்ரிநாத் தாத்தா எப்படி இருக்காரு?"

"அவருக்கென்ன. போன தடவை கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னுட்டாரு. 'உங்க அக்காவுக்குக் கோவில் கட்டணும்டா'ன்றாரு."

சுனிதாவின் முகம் மலர்ந்தது. இல்லத்தில் இருக்கும் பத்ரிநாத் தாத்தாவை அவள் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவருக்காகத்தான் கறியை இன்னும் பொடியாக நறுக்கினாள்.

அப்போதுதான் நாகேஷ் அடுப்பு மேடையில் கிடந்த அட்டைப் பெட்டியைப் பார்த்தான்.

"இதை யாருக்கா உனக்குக் குடுத்தது?"

"ஆபீஸ்ல ஒரு பையன். நீ தொட்டுப் பாரு. இது என் குழம்புடா."

நாகேஷ் தொடவில்லை. "எல்லா சிக்கன் குழம்பும் ஒரே மாதிரிதாங்கா இருக்கும்."

"ராகி இருக்குடா இதுல. அட்டையில என்ன எழுதியிருக்குன்னு படி."

அவன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எண்ணெய் குறைவு. எலும்பு இல்லாதது. மிருதுவான துண்டுகள், பெரியவர்களும் சாப்பிடலாம்னு போட்டிருக்கு." சொல்லிவிட்டுப் பின்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். லட்சுமம்மா குழாயடியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். அவன் குரலைத் தாழ்த்தினான். "மசாலாவை மில்லுக்கு எடுத்துட்டுப் போறது யாருக்கா?"

"ஏண்டா?"

"சும்மா கேட்டேன். உன் அடுப்படிக்குள்ள வர்றது ரெண்டே பேரு. நான் உன் தம்பி."

அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

சந்தேகம் வந்துவிட்டால் பிறகு எல்லாமே சந்தேகமாகத்தான் தெரியும். லட்சுமம்மா இடுப்பில் சுருக்குப் பை வைத்திருந்தாள். அது இத்தனை நாளும் இருந்ததுதான். இப்போது அது கொஞ்சம் உப்பலாகத் தெரிந்தது. மறுநாள் மசாலா வறுக்கும்போது அவள் போனில் யாரிடமோ கன்னடத்தில் பேசினாள். மகளிடம் பேசுகிறாள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்த சுனிதா, அன்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். 'ஹூம், நாளெ தர்த்தீனி' என்று லட்சுமம்மா சொன்னாள். நாளைக்குக் கொண்டுவருகிறேன். எதை?

சனிக்கிழமை, வறுத்த மசாலாவைக் கொடுத்து மில்லுக்கு அனுப்பிவிட்டு, சுனிதா பின்னாலேயே போனாள். தன் கூட இத்தனை வருஷம் வெந்து வியர்த்தவளை ஒளிந்து ஒளிந்து பின்தொடர்வது அவளுக்கே கூச்சமாக இருந்தது. இருந்தாலும் காலை நிறுத்தவில்லை. பூக்கடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

மாவு மில்லிலிருந்து லட்சுமம்மா தூக்குச்சட்டியோடு வெளியே வந்தாள். ஸ்கூட்டரில் காத்திருந்த ஒருவனிடம் சுருக்குப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை முகர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

சுனிதாவுக்குக் காது சூடாகிவிட்டது. தன் வீட்டுப் படியில் லட்சுமம்மா கால் வைத்ததுமே கேட்டுவிட்டாள்.

"அந்த ஆளுக்கு என்ன குடுத்தே?"

லட்சுமம்மா தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். "ஓ. பின்னாலயே வந்தியா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"என் மருமகன் அவன். ரக்ஷிதா மாசமா இருக்கா, தெரியுமில்ல? எதைத் தின்னாலும் வாந்தி. உன் மசாலா போட்டாத்தான் சோறு இறங்குதுன்றா. ஒரு பிடி குடுத்தேன்."

"என்கிட்டே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா குடுத்திருப்பே. அதனாலதான் கேக்கல."

"உன் மருமகன் எங்க வேலை பாக்கிறான்?"

"பொம்மசந்திரா பக்கம், ஏதோ ஒரு ஃபேக்டரி."

"என்ன ஃபேக்டரி? சாப்பாட்டுப் பெட்டி செய்ற ஃபேக்டரியா?"

லட்சுமம்மா சுனிதாவை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தாள். கோபம் வந்தால் அவள் குரல் உயராது, இறங்கிவிடும்.

"நட்டு போல்ட்டு செய்ற ஃபேக்டரி. சுனிதம்மா, ஒண்ணு கேக்கிறேன். கோழிக்கு ராகி வறுத்துப் போடுன்னு உனக்குச் சொன்னது யாரு?"

சொன்னது லட்சுமம்மாதான். தேங்காய் விலை ஏறிய ஒரு வருஷம், இதே படியில் உட்கார்ந்து சொன்னாள்.

"என் பொருளை நானே திருடணுமா?" லட்சுமம்மா முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். "நாளையிலிருந்து உன் தம்பியைக் கூப்பிட்டு வெங்காயம் உரிக்கச் சொல்லு. அவனுக்கு அழத் தெரியுமான்னு பாப்போம்."

போய்விட்டாள்.

அன்று மாலை நாகேஷிடம் சொன்னபோது, "நான் அப்பவே சொன்னேன்ல" என்றான். சுனிதாவுக்கு மனசு ஆறவில்லை. மருமகனைப் பற்றி லட்சுமம்மா சொன்னது பொய்யென்றால் ராகியைப் பற்றிச் சொன்னதும் பொய்யாக இருக்க வேண்டும். ஆனால் ராகியைப் பற்றிச் சொன்னது உண்மை. அப்படியென்றால்? யோசிக்க யோசிக்க ஒன்றோடொன்று பின்னிக்கொண்டது. மசாலா டப்பாவைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள்.

செவ்வாய்க்கிழமை ஒற்றை ஆளாக அடுப்படியில் நின்று திண்டாடிப்போனாள். ஆபீஸ் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு வந்து அண்டாவை ஏற்றி, கறி நறுக்கி, எலும்பு பொறுக்கி, குழம்பு கொதிக்கும்போதே வாசலில் நாகேஷ் ஹாரன் அடித்தான். போனில் யாரிடமோ "வந்துட்டே இருக்கேன் சார், அரை மணி நேரம்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவசரத்தில் சுனிதா ஒரு கரித்துண்டை எடுத்து அண்டாவில் போட்டு மூடியை அழுத்தினாள். அவன் தூக்கிக்கொண்டு போனான்.

ஆட்டோ சந்து திரும்பிய பிறகுதான் நினைவு வந்தது. இலை வைக்கவில்லை. இலை வைப்பது எப்போதும் லட்சுமம்மாவின் வேலை. கரி நேராகக் குழம்புக்குள் முங்கியிருக்கும். பத்ரிநாத் தாத்தா மிச்சம் இருக்கும் பல்லில் அதைக் கடித்துவைத்தால்? நாகேஷுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. பரிமாறுகிறவர்கள் பார்த்து எடுத்துவிடுவார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வியாழக்கிழமை மறக்காமல் இலை வைத்துத்தான் அண்டாவை அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை கேன்டீனில் இரண்டு மேஜைகள் போட்டிருந்தார்கள். ஒன்றில் சுனிதாவின் கேரியர்கள். மற்றொன்றில் இரண்டு மைக்ரோவேவ், அடுக்கிய ஏழுதட்டு பெட்டிகள். அன்று காலைதான் புதுச் சரக்கு வந்ததாம். எல்லோரும் இரண்டையும் தட்டில் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள்.

சுனிதா சுவரோரம் நின்று ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள். முதலில் சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. பிறகு ஒருவர் தட்டை ஒருவர் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"இதுல உப்பு கொஞ்சம் ஜாஸ்தி. மத்தபடி ரெண்டும் ஒண்ணுதானே?"

"சேம் டேஸ்ட். கிரேவி கலர்கூட ஒண்ணு."

வீணா இரண்டையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டாள். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து சுனிதாவின் அருகில் வந்தாள். யாருக்கும் கேட்காதபடி மெதுவாகத்தான் பேசினாள்.

"சுனிதாம்மா, மறைக்காம சொல்லுங்க. நீங்க வீட்ல சமைக்கிறீங்களா, இல்ல இந்தப் பெட்டியை வாங்கி சூடு பண்ணி கேரியர்ல ஊத்திக் கொண்டுவர்றீங்களா?"

சுனிதா வருஷக்கணக்காக விடிவதற்கு முன் எழுந்து சமைத்தது அத்தனையும் ஒரே கேள்வியில் பொய்யாகிவிட்டது.

"என் வீடு ரெண்டு தெரு தள்ளிதான் இருக்கு மேடம். இப்பவே வாங்க. அடுப்பு இன்னும் ஆறியிருக்காது."

"அடுப்பு எல்லார் வீட்லயும்தான் இருக்கும். ரெண்டும் எப்படி ஒரே மாதிரி இருக்கு? அதைச் சொல்லுங்க."

'கடக்' என்று ஒரு சத்தம்.

விக்கி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டான். வாயிலிருந்து எதையோ எடுத்துத் தட்டின் ஓரத்தில் போட்டான். கறுப்பாக ஒரு துண்டு.

"கல்லா அது?"

"கல்லு இல்ல. கரி மாதிரி இருக்கு."

"எதுல இருந்துச்சு?" என்று வீணா பாய்ந்து போனாள். "எந்தப் பக்கம் சாப்பிட்டே?"

"பெட்டிதான் மேடம். ஆன்ட்டியோடதை முதல்லயே முடிச்சிட்டேன்."

எல்லோரும் ஸ்பூனைக் கீழே வைத்தார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். வீணா பெட்டியின் அட்டையை எடுத்துப் படித்தாள், அதில் கரிக்கான வரி எங்கேயாவது இருக்கும் என்பதுபோல. பிறகு அதை மேஜையில் எறிந்தாள்.

"ஃபேக்டரியில என்னத்தையோ எரிச்சு உள்ள போட்டிருக்கான். இதைத் தின்னுட்டு பிரஷர் குறையணுமாம்." அவள் சுனிதாவைப் பார்த்தாள். முகத்தில் கொஞ்சம் கூச்சம் இருந்தது. "நான் கேட்டதை மனசுல வெச்சுக்காதீங்க. இந்த ஃப்ரீசர் இன்னைக்கே போயிடும். நீங்க எப்பவும்போல திங்கட்கிழமை கேரியரோட வந்திடுங்க. உப்பு மட்டும் எவ்வளவு போடுறீங்கன்னு ஒரு நாள் எனக்குச் சொல்லுங்க."

விக்கி கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். அவள் ஜெயித்துவிட்டாள்.

சுனிதா தட்டுகளை எடுப்பதுபோலக் குனிந்து அந்தத் துண்டைக் கையில் எடுத்தாள். குழம்பைத் துடைத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் வழவழவென்று வளைந்திருந்தது. மறுபக்கத்தில் கொட்டாங்குச்சி நாரின் கோடுகள். யாரும் பார்ப்பதற்குள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மசாலாவைத் திருடலாம். வறுக்கும் பக்குவத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் கரித்துண்டை யாரும் திருடிக் கொண்டுபோய்த் தங்கள் குழம்பில் போட மாட்டார்கள். இது அண்டாவோடு போனது. செவ்வாய்க்கிழமை போன அண்டா. அதில் இருந்த குழம்புதான் இந்தப் பெட்டிக்குள் இருந்திருக்கிறது.

அவள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. லட்சுமம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஏனு, இன்னைக்கு என் மடியில தேடப் போறியா?"

சுனிதா முந்தானையை அவிழ்த்து, கரியை அவள் முன்னால் நீட்டினாள்.

"நம்ம கரி" என்றாள் லட்சுமம்மா. "எங்க இருந்துச்சு?"

"அந்தப் பெட்டிக்குள்ள."

லட்சுமம்மா கீரையைக் கீழே வைத்தாள். அவளுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. "அய்யோ தேவரே. அப்போ அங்க இருக்கிற பெரியவங்க?"

"அதைத்தான் யோசிச்சிட்டே வர்றேன். அந்த இல்லத்துல எவனோ பாவி, அவங்க வாயில வெக்க வேண்டியதைப் பின்பக்கமா விக்கிறான். அதுங்க கஞ்சி குடிச்சிட்டுக் கிடக்குதோ என்னவோ. லட்சுமம்மா, உன்னை நான்..."

"அதை அப்புறம் பேசு. முதல்ல அந்தத் தாத்தாவைப் போய்ப் பாப்போம்." எழுந்து கீரையை முறத்தோடு உள்ளே வைத்துவிட்டு வந்தாள். "உன்னை அங்க உள்ள விட மாட்டாங்கன்னானே? என்னைத் தடுக்கட்டும், பாக்கிறேன்."

வீட்டில் அடிக்கேரியரில் கொஞ்சம் குழம்பு மிச்சம் இருந்தது. சுனிதா சோற்றைக் குழைய வடித்து, குழம்போடு ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டாள். பத்ரிநாத் தாத்தாவுக்கு.

சொல்லிவைத்த மாதிரி நாகேஷின் ஆட்டோ வந்து நின்றது. காலி அண்டாவைத் திருப்பித் தர வந்திருந்தான். அந்த அண்டா எப்போதும் பளபளவென்று தேய்த்துக் கழுவித்தான் வரும். இல்லத்தில் இருக்கும் பெண்கள் கழுவித் தருகிறார்கள் என்பான். இன்று சுனிதா அதை மூக்கருகே கொண்டுபோனாள். ஆஸ்பத்திரித் தரை கழுவியதுபோல ஒரு மருந்து வாசனை.

"அக்கா, ஆபீஸ்ல என்ன ஆச்சு? ஜெயிச்சிட்டியா?"

"ஜெயிச்சிட்டேன். அண்டாவை இறக்காதே. வண்டியைத் திருப்பு, ஆனேக்கல் போகணும்."

"இப்பவா?" அவன் லட்சுமம்மாவைப் பார்த்தான், தூக்கைப் பார்த்தான். "இந்நேரத்துக்கு சில்க்போர்டு சிக்னல் தாண்டவே ராத்திரி ஆயிடும்க்கா. இன்னொரு நாள்..."

சுனிதா உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

நாகேஷ் கரியைப் பார்த்தான். என்ன இது என்று கேட்கவில்லை.

"அந்தப் பெட்டிக்குள்ள இருந்துச்சுடா. செவ்வாய்க்கிழமை நான் போட்டது. நீ அங்க அண்டாவை யார் கையில குடுக்கிறே? வாசல்லயே வாங்கிக்கிறாங்களா?"

"அக்கா, நீ வீட்டுக்குள்ள வா, பேசிக்கலாம்."

"இனி என்னடா பேச்சு? அந்த ஆளை எனக்குக் காட்டு. அவன் சட்டையைப் பிடிச்சு, எல்லார் முன்னாலயும் கேக்கிறேன். வயசானவங்க தட்டுல கை வெக்கிறவன் வெளங்குவானா?"

நாகேஷ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். லட்சுமம்மா ஆட்டோவின் பின்னால் ஏறி அண்டாவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சுனிதா முன் பக்கம் ஏறி, தூக்கு சாயாமல் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சாவியைப் போடு."

அவன் போடவில்லை. ஹேண்டிலைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தான்.

"ஏண்டா நிக்கிறே? அவர் இன்னைக்கு என்ன சாப்பிட்டாரோ. பொடியா நறுக்கு, பொடியா நறுக்குன்னு நீதானே வந்து வந்து சொன்னே?"

பின்னாலிருந்து லட்சுமம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்பே புரிந்துவிட்டது போல, மெல்ல முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள்.

நாகேஷ் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டான். தலையைத் தூக்கவே இல்லை.

"இறங்குக்கா. ஆனேக்கல்ல அப்படி ஒரு முதியோர் இல்லமே கிடையாது, பத்ரிநாத்துன்னும் அங்க யாரும் இல்ல."